இருபதாவது மில்லி செகண்ட்

ஐ.சி.யூ.விலிருந்து போன் வந்தபோது கம்பியக்கா ஒரு வங்கிக் குமாஸ்தாவின் பாதத்திலிருந்து ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கால் மரத்துப்போகிறது என்று வந்தவர். போனை எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "எத்தனாவது நாள்?" என்று மட்டும் கேட்டாள். நான்காவது நாள் என்றார்கள். நான்காம் எண் படுக்கை, பெண், வயது முப்பத்திநாலு. மற்றதை அவள் கேட்கவில்லை. நான்காவது நாளில் மேலே கூப்பிட்டால் எதற்கென்று அவளுக்குத் தெரியும்.

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாகப் பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கொத்து ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு மெஷின் வண்டியைத் தள்ளிக்கொண்டு வார்டு வார்டாகப் போகிறவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள். சின்ன நர்ஸ்களுக்குக் கம்பியக்கா, பெரிய டாக்டருக்கும் கம்பியக்காதான். வண்டியின் ஒரு சக்கரம் எப்போதும் கோணிக்கொண்டு இழுக்கும். அந்தச் சத்தம் கேட்டதுமே ஐ.சி.யூ. பொறுப்பு நர்ஸ், "வந்தாச்சு கரண்ட் ஆபீஸ்" என்பாள். அன்றைக்கும் சொன்னாள். ஆனால் சிரிக்கவில்லை.

சொல்லப்போனால் சின்ன வேலைதான். மணிக்கட்டில் ஒரு மின்துடிப்பைக் கொடுப்பாள். அது நரம்பைப் பிடித்துக்கொண்டு மேலே ஓடும். காறையெலும்புக்கு மேலே ஒட்டிய ஒயர் ஒன்பதாவது மில்லி செகண்டில் அதைப் பார்க்கும். பிடரியில் ஒட்டியது பதின்மூன்றில் பார்க்கும். இருபதில் மண்டையில் ஒட்டியது பார்க்க வேண்டும். ஒரு செகண்டை ஆயிரம் கூறு போட்டால் அதில் இருபது கூறு. கண் இமைத்து முடிப்பதற்குள் பத்துத் தடவை போய்ச் சேர்ந்துவிடும் தூரம். ஒரே ஒரு துடிப்பில் எதுவும் தெரியாது, உடம்புக்குள் அவ்வளவு இரைச்சல். ஐந்நூறு முறை கொடுத்து, வந்ததையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்க்கச் சேர்க்க, சும்மா வந்துபோகிற இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தேயும். நிஜமாக வருவது மட்டும் அதே இடத்தில் நின்று மேடாக எழும்பும். இதயம் நின்றுபோய்த் திரும்ப ஓட ஆரம்பித்து, கண் திறக்காமல் கிடப்பவர்களுக்கு அந்த இருபதாவது மில்லி செகண்டில் இரண்டு பக்கமும் மேடு இல்லையென்றால், அதற்குப் பிறகு அவர்கள் விழித்து அவள் பார்த்ததில்லை. ஒருவர்கூட.

சொந்தக்காரர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் செய்வது. அன்று கீழேயிருந்து வண்டி மேலே வருவதற்குள் பார்வையாளர் நேரம் தொடங்கிவிட்டது. காலை ஆறு மணியிலிருந்து வாசலில் நின்றிருந்த அம்மாவும் புருஷனும் அப்போதுதான் உள்ளே வந்து கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றார்கள். பொறுப்பு நர்ஸ் கம்பியக்காவைப் பார்த்தாள். "இருக்கட்டும், ஓரமா நிக்கட்டும்" என்று கம்பியக்காவே சொல்லிவிட்டாள். ஏன் சொன்னோம் என்று அன்று முழுக்க யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. அந்த அம்மா ஒரு பருத்திப் புடவையை முழங்கை வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவதற்குக் காத்திருக்கும் பிள்ளைபோல நின்றதனால் இருக்கலாம்.

"ஷாக் வைக்கிறதா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. மணிக்கட்டுல லேசா தட்டுற மாதிரி. இருபது மில்லி செகண்டுல மண்டைக்குப் போய்ச் சேருதான்னு பாக்குறது."

"வலிக்குமா?"

"முழிச்சிருக்கறவங்களே பல்லைக் கடிச்சிட்டுப் பேசாம இருந்துடுவாங்க."

"வலிச்சா நல்லதுதானே" என்றாள் அம்மா.

புருஷன் மெஷினின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எர்த் ஒயர் எங்கே போகிறது, பிளக் எதில் சொருகியிருக்கிறது என்று கண்ணாலேயே தொட்டுத் தொட்டுப் போனான். அவனுடைய இரண்டு கைகளிலும் கிரீஸ் ரேகைரேகையாக ஏறியிருந்தது. சோப்புக்குப் போகாத கறுப்பு.

இடது மணிக்கட்டில் துடிப்பைத் தொடங்கினாள். டக், டக், டக். செகண்டுக்கு நாலு. கட்டைவிரல் ஒவ்வொன்றுக்கும் உள்பக்கமாக ஒரு துள்ளு துள்ளியது. நரம்பு சரியாக அகப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அவள் எப்போதும் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

அம்மாவும் அதைத்தான் பார்த்தாள்.

"மாப்ள, கையை ஆட்டுறா பாருங்க." குரலை அவள் உயர்த்தவேயில்லை. உயர்த்தினால் நின்றுவிடும் என்பதுபோல் கிசுகிசுத்தாள். "பாப்பா, அம்மா வந்திருக்கேன். ஆட்டு, கண்ணு. இன்னும் ஆட்டு."

கம்பியக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாலு கோடுகள். கீழ்க்கோட்டில் ஒன்பதில் மேடு எழும்பிவிட்டது, குன்றுபோல. அதற்கு மேலே பிடரிக் கோடு, பதின்மூன்றரையில் எழும்பியது, கொஞ்சம் சிறியதாக, ஆனால் சந்தேகமில்லாமல். மேலே இரண்டும் மண்டைக் கோடுகள். நூறு. இருநூறு. முந்நூறு. இரைச்சல் தேய்ந்துகொண்டே வந்தது. ஐந்நூறில் அந்தக் கோடுகள் இஸ்திரி போட்ட வேட்டிக் கரைபோல் கிடந்தன.

திரும்ப ஒருமுறை ஓட்டினாள். அதே.

"மேடம்" என்றான் புருஷன். கட்டிலைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றிருந்தான். "கீழ ரெண்டு எடத்துல சிக்னல் வருது. மேல வரல. அப்படித்தானே?"

"நான் டெஸ்ட் எடுக்கறவ மட்டும்தான் தம்பி. டாக்டர்தான் பாத்துச் சொல்லுவார்." இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிவரும் வாக்கியம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

"டாக்டர் சொல்லட்டும். நான் லிப்ட் மெக்கானிக். பதினாறு வருஷமா இதே வேலைதான், சப்ளை எந்த எடத்துல நிக்குதுன்னு தேடுறது." அவன் குரலில் கோபமில்லை. "மேல ஒட்டியிருக்கிற ஒயர் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துருங்க."

அதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. அவளே செய்யவிருந்ததுதான். மண்டையில் ஒட்டியதைப் பிரித்து, தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, புதிதாகப் பசை வைத்து ஒட்டினாள். ஒயர் தோலில் எவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறது என்று மெஷின் காட்டும் எண்ணைப் பார்த்தாள், நன்றாக இருந்தது. அவனும் அந்த எண்ணைப் பார்த்தான். இரைச்சல் குறைய, கட்டிலின் மோட்டார் பிளக்கைப் பிடுங்கலாமா என்று கேட்டான். நர்ஸ் தலையாட்டியதும் குனிந்து பிடுங்கினான். மருந்து இறக்கும் பம்பை ஒரு முழம் தள்ளி வைத்தார்கள். யாரோ சுவரில் சொருகி மறந்துபோன போன் சார்ஜரை அவனே உருவினான். மறுபடி ஓட்டினாள். கோடு இன்னும் சுத்தமாக வந்தது. சுத்தமாக, ஒன்றுமில்லாமல்.

"ஒயரே உள்ள அறுந்திருந்தா?"

"அறுந்திருந்தா இந்த எண் இப்படி வராது."

"மாத்திப் போட்டுப் பாத்துரலாமா? பிடரிது மேல. மேலது பிடரில."

அவள் அவனை முதல்முறையாக நேராகப் பார்த்தாள். ஒரு டாக்டரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. ஒயர்களெல்லாம் வந்து சேரும் சின்னப் பெட்டியில் இரண்டு பிளக்குகளையும் இடம் மாற்றிச் சொருகினாள். ஓட்டினாள். பதின்மூன்றரை மேடு கீழேயிருந்த வரிசையை விட்டுவிட்டு மேல்வரிசையில் அழகாக எழும்பியது. கீழ்வரிசை செத்துப் படுத்தது.

"ஒயர்ல தப்பில்ல" என்றான் அவன்.

பிளக்குகளைப் பழையபடி சொருகிவிட்டு வலது மணிக்கட்டுக்கு ஒயரை அவள் மாற்றும்போது அவன் தானாகவே பேச ஆரம்பித்தான். அவளிடம் சொல்வதுபோலவும் இல்லை. ஏதோ ரிப்போர்ட் எழுதிக்கொடுப்பவன்போல இருந்தது.

"எங்க பில்டிங் லிப்ட் பதினோரு நாளா ஓடல. வேற கம்பெனி லிப்ட்டு. அவங்க காண்ட்ராக்ட்டு, நான் கை வைக்கக்கூடாது. எனக்குத் தெரியும் என்ன கோளாறுன்னு. சத்தத்த வெச்சே சொல்லிருவேன். ஒரு ரிலே. தீப்பெட்டிய விடச் சின்னது. என் பையிலேயே இருக்கு அதுல மூணு. இவளுக்கு மூச்சிரைப்பு இருக்கு, ஆறாவது மாடி. கொஞ்சம் கொஞ்சமா ஏறு, நின்னு நின்னு ஏறுன்னு சொன்னேன். நாலாவது மாடி திருப்பத்துல உக்காந்துருக்கா. யாரோ களைப்பா உக்காந்திருக்காங்கன்னு ரெண்டு பேர் தாண்டிப் போயிருக்காங்க."

"தம்பி, அந்தப் பக்கம் கையைப் பிடிச்சுக்குங்க, திருப்பணும்" என்றாள் கம்பியக்கா. வேறென்ன சொல்வது என்று தெரியாமல் சொன்னாள். அவன் மனைவியின் கையைத் திருப்பிப் பிடித்தான்.

வலது பக்கம் ஓட ஆரம்பித்தது. கட்டைவிரல் துள்ளியது. அம்மா அந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தாள், அவளும் அவள் கிசுகிசுப்பும். நூறு. கீழ்க்கோட்டில் மேடு. நூற்றைம்பது. பிடரியில் மேடு. இருநூறில் மேல்கோட்டில் ஏதோ ஒன்று தலைதூக்கியது. இருபத்தொன்றில். சின்னது, நகக்கண் அளவு. இருநூற்றைம்பதிலும் அது இருந்தது.

கம்பியக்கா திரையை நோக்கிக் குனிந்தாள். தன்னுடைய மூச்சு நின்றிருப்பதை அவள் தாமதமாகத்தான் கவனித்தாள். பக்கத்தில் அவனும் மூச்சு விடவில்லை.

"அது என்ன?"

"பொறுங்க."

"இருபத்தொண்ணு. நீங்க இருபதுன்னு சொன்னீங்க. ஒண்ணுதானே வித்தியாசம்."

"பொறுங்க தம்பி."

முந்நூறு. மேடு இருந்தது. சற்றே சாய்ந்திருந்ததோ என்னவோ.

"மேடம்." அவன் குரல் முதல்முறையாக உடைந்து வந்தது. "இதோட நிறுத்திட்டு எடுத்துரலாமே. இப்ப இருக்குல்ல. இருக்கறப்பவே எடுத்துரலாம்."

அவள் கை விசைப்பலகையின் மேலேயே இருந்தது. ஒரு பொத்தான். நிறுத்தலாம். முந்நூறு துடிப்பு என்று காகிதத்தில் போட்டாலும் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. பெரிய டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, சந்தேகத்துக்குரியது, காத்திருந்து பார்க்கலாம் என்று எழுதுவார். எப்படி எழுதுவார் என்றுகூட அவளுக்குத் தெரியும். ஒருமுறை எழுதியிருக்கிறார். அப்போது இவள் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். ஒரு பஸ் டிரைவர். அவருடைய மகள் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். இருநூற்றில் எழும்பிய ஒரு மேட்டைப் பார்த்ததும் இவளுக்கு மனசு பொங்கிவிட்டது, நிறுத்தி அச்செடுத்துவிட்டாள். அந்த மனிதர் ஒன்பது மாதம் கிடந்தார். முதுகில் புண் வந்தது, தொண்டையில் துளை போட்டார்கள். மகள் ஒவ்வொரு மாதமும் கீழே இறங்கி இவள் அறைக் கதவைத் தட்டி, "அக்கா, அன்னிக்கு நீங்க பாத்தீங்கல்ல, இருந்துச்சுல்ல?" என்று கேட்பாள். இருந்தது என்று இவளும் ஒவ்வொரு மாதமும் சொன்னாள். கடைசியில் அந்தப் பெண்ணுக்குப் பேசியிருந்த கல்யாணமும் நின்றுபோனது என்று யாரோ சொன்னார்கள்.

பொத்தானிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருந்தா நிக்கும் தம்பி" என்றாள்.

முந்நூற்றைம்பது. நானூறு. மேடு சாய்ந்து அகன்றது. யாரோ மேலேயிருந்து உள்ளங்கையால் அமுக்குவதுபோல இறங்கிக்கொண்டே வந்தது. நானூற்றைம்பதில் அது எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருந்தது. ஐந்நூறு. அவள் நிறுத்தவில்லை, ஆயிரம் வரைக்கும் விட்டாள். பிறகு முதலிலிருந்து இன்னொருமுறை. அவன் கேட்டிருந்தால் பத்துமுறைகூட ஓட்டியிருப்பாள். அவன் கேட்கவில்லை. இரண்டாவது ஓட்டத்தின் நடுவிலேயே திரையை விட்டுத் திரும்பி, ஜன்னல் பக்கம் போய், பிடுங்கிப்போட்ட கட்டில் பிளக்கை எடுத்துச் சுவரில் சொருகினான். சொருகிவிட்டு, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தான்.

"ரெண்டு கையும் ஆட்டினா" என்றாள் அம்மா. அவளுக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது, நீண்ட தூரம் நடந்து வந்தவள்போல. "டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிருங்கம்மா. நாங்க சொன்னா அம்மாக்காரி அப்படித்தான் சொல்லுவான்னு விட்டுருவாங்க."

கம்பியக்கா அவனைப் பார்த்தாள். அவன் வந்து மாமியாரின் தோளருகே நின்றான். தொடவில்லை.

"அத்தை, அது கரண்டுனால ஆடுது. அவளா ஆட்டல."

"கரண்டுதான், தெரியும். நான் என்ன குழந்தையா." அம்மா அவனைப் பார்க்காமலே சொன்னாள். "கரண்டே குடுத்தாலும் அதை வாங்கிக்கறதுக்கு உள்ள அவ இருக்கணும்ல."

அதற்குக் கம்பியக்காவிடம் பதில் இருந்தது. நரம்பு கையோடு முடிகிற சமாச்சாரம் அது, உள்ளே யாரும் இருக்க வேண்டியதில்லை. நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை வைங்கம்மா" என்றாள் அம்மா. "நான் கையைக் குடுத்துக்கறேன். ஒரே தடவை."

தேவையில்லாத ஓட்டம். எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்தாகிவிட்டது. கீழே நாலு பேர் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கம்பியக்கா பதிவை அணைத்துவிட்டுத் துடிப்பை மட்டும் போட்டாள். அம்மா தன் ஆள்காட்டி விரலை மகளின் கட்டைவிரலுக்கு அடியில் கொடுத்தாள். டக், டக், டக். விரல் வந்து வந்து தட்டியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். உதடுகள் அசைந்தன; எண்ணினாளா, ஏதாவது சொன்னாளா தெரியவில்லை. புருஷன் இருட்டிப்போன திரையைப் பார்த்தபடி நின்றான். பொறுப்பு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போகிறவள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். இரண்டுகூட ஆகியிருக்கலாம். கம்பியக்கா நேரம் பார்க்கவில்லை. பிறகு நிறுத்தினாள்.

விரல் அப்படியே நின்றது. டக் என்ற கடைசிச் சத்தத்தோடு சேர்ந்து, துளிகூடப் பிந்தாமல்.

அம்மா கண்ணைத் திறந்தாள். தன் விரலை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம். பிறகு மெஷினைப் பார்த்தாள், கம்பியக்காவின் கையைப் பார்த்தாள்.

"நீங்க நிறுத்தினதும் நின்னுடுச்சு" என்றாள்.

"ஆமாம்மா."

"ஒண்ணுகூட அவளா ஆட்டல."

கம்பியக்கா வாயைத் திறந்தாள். அந்தப் பழைய வாக்கியம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. "இல்லம்மா" என்றாள்.

அம்மா தலையை ஆட்டினாள். கடையில் கேட்ட சாமான் இல்லை என்று சொன்னால் ஆட்டுவதுபோல. அழுவாள் என்று கம்பியக்கா எதிர்பார்த்தாள். உட்கார வசதியாக ஸ்டூலைக்கூட அருகே நகர்த்தினாள். அம்மா உட்காரவில்லை.

"டாக்டர் நாலு மணிக்குப் பேசுவார்" என்றாள் பொறுப்பு நர்ஸ், திரும்பி வந்து. "ரெண்டு பேரும் இருங்க."

"எங்க போகப்போறோம்" என்றான் புருஷன்.

கம்பியக்கா ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மணிக்கட்டில் இரண்டு சிவந்த வட்டங்கள் இருந்தன. அவை சாயங்காலத்துக்குள் மறைந்துவிடும். மண்டையிலிருந்து எடுத்தபோது பசை முடியோடு சேர்ந்து வந்து, உச்சியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. ஈரப் பஞ்சால் துடைக்கப் போனவளின் கையிலிருந்து அம்மா பஞ்சை வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டாள், தர வேண்டியவள் தந்ததுபோல் கம்பியக்காவும் தந்துவிட்டாள்.

"காய்ஞ்சா பொடியாயிரும். சுடுதண்ணியில நனைச்சா சீக்கிரம் போகும்" என்று மட்டும் சொன்னாள்.

"அவளுக்குத் தலையில எதாச்சும் பிசுபிசுன்னு இருந்தா ஆகாது" என்றாள் அம்மா. "சின்னதுலேருந்தே."

வண்டியைக் கதவுவரை தள்ளிக்கொண்டு வந்தபின்தான் கம்பியக்கா திரும்பிப் பார்த்தாள். அம்மா தன் பைக்குள்ளிருந்து ஒரு பெரிய பல் சீப்பை எடுத்திருந்தாள். ஒரு கொத்து முடியை வேரோரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இழுபடாமல், நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலேறிச் சீவினாள். பின்பக்கம் எட்டவில்லை. புருஷன் மூச்சுக்குழாயை ஒரு முழங்கையால் அணைத்துக்கொண்டு, கிரீஸ் ஏறிய இரண்டு உள்ளங்கைகளையும் மனைவியின் தலைக்கு அடியில் கொடுத்து, தலையணையிலிருந்து நாலு விரற்கடை தூக்கிப் பிடித்தான். அம்மா சீப்பில் வந்த முடியை உருவி, ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றிச் சின்ன உருண்டையாக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த கொத்தை எடுத்தாள். நிறைய முடி. அவன் கைகளை இறக்கவில்லை.